இறால், நண்டு, மட்டி: முதன்முதலாகச் சமைப்பவர்களுக்கு

“மீன் ஓரளவு நன்றாகவே சமைப்பேன். இறால் வாங்கினால் மட்டும் ரப்பராகிவிடுகிறது. நண்டைத் தொடவே பயம். மட்டி, சிப்பி பக்கம் போனதே இல்லை. வீட்டில் எளிமையாகச் செய்ய எங்கிருந்து தொடங்குவது?” இதுதான் கேள்வி.

இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரு மசாலாக் கணக்கை எதிர்பார்ப்பார்கள். நான் முதலில் கடிகாரத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். ஓடுள்ள கடலுணவைக் கெடுப்பது கூடுதலாக அடுப்பில் கிடந்த இரண்டு மூன்று நிமிடங்கள்தான். ‘இன்னும் கொஞ்சம் வேகட்டும், வயிற்றுக்கு ஏதாவது செய்துவிடப்போகிறது’ என்கிற பயத்தில்தான் பலரும் அதை அங்கேயே விட்டுவைக்கிறார்கள். அந்தப் பயத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டிய இடம் வாங்கும் இடமும் கழுவும் தொட்டியும். நல்லதாகப் பார்த்து வாங்கி, ஒழுங்காகச் சுத்தம் செய்து, ஈரத்தை ஒற்றியெடுத்துவிட்டால் முக்கால்வாசிச் சமையல் முடிந்தது. மிச்சம், அடுப்பை விட்டு நகராமல் நின்று சரியான நேரத்தில் இறக்குவது மட்டுமே.

ஏன் இவ்வளவு சீக்கிரம் வேகிறது? ஆட்டுக்கறி ஒரு மணி நேரம் கேட்பதற்குக் காரணம் அதிலுள்ள கொலாஜன் என்ற விறைப்பான புரதம். அது கரைய நேரம் பிடிக்கும். இறாலில் அப்படிக் காத்திருந்து கரைக்க வேண்டியது எதுவும் இல்லை. சூடு பட்டதும் புரதம் இறுகும், சதை வெள்ளையாகும், அவ்வளவுதான். அதற்குமேல் கொடுக்கும் ஒவ்வொரு நிமிடச் சூடும் சதையைச் சுருக்கி, உள்ளே இருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். நீர் போனபின் மிஞ்சுவதுதான் நீங்கள் சொல்லும் ரப்பர். உணவுப் பாதுகாப்புக்காகச் சொல்லப்படும் உள்வெப்பம் 63 டிகிரி செல்சியஸ். நடுத்தர அளவு இறால் ஒன்று, நன்றாகக் காய்ந்த வாணலியில் அந்தச் சூட்டை எட்ட 3 நிமிடமே அதிகம்.

தொடங்க வேண்டியது இறாலில்தான். எங்கும் கிடைக்கும், அளவு ஒரே மாதிரி இருக்கும், வெந்ததா இல்லையா என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். நண்டும் மட்டியும் பிறகு வரட்டும்.

இறால் வாங்கும்போது மூக்கை நம்புங்கள். கடல்நீர் வாடை இருக்கலாம். மூக்கைத் துளைக்கிற அமோனியா நெடி இருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஓடு சதையோடு இறுக்கமாக ஒட்டியிருக்க வேண்டும். தலை ஆடிக்கொண்டு கழன்று வந்தால் பழசு. தலையோரத்திலும் ஓட்டின் விளிம்பிலும் கறுப்புத் திட்டுகள் தெரிந்தால் உடனே ‘அழுகல்’ என்று ஒதுக்கவேண்டியதில்லை. நறுக்கிய கத்திரிக்காய் கறுப்பதற்குக் காரணமான அதே வகை நொதிதான் இங்கேயும் வேலை செய்கிறது. அந்தத் திட்டுகளால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் பிடித்து நேரமாகிவிட்டது என்பதற்கு அது ஓர் அடையாளம். வாடையையும் சதையின் உறுதியையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

உறைந்த இறாலை இரண்டாம் தரம் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். நான் அந்தக் கட்சி இல்லை. கடலோரத்தில் இல்லாதவர்களுக்குக் கடைகளில் ‘ஃப்ரெஷ்’ என்று பனிக்கட்டி மேல் கிடக்கும் இறால், பல சமயம் ஏற்கெனவே உறைந்து, கடையில் உருக வைக்கப்பட்டதாக இருக்கலாம். அதைவிட உறைந்த பாக்கெட்டை வாங்கி, வேண்டிய நாளில் வீட்டில் உருக்கிக்கொள்வது நல்லது. பாக்கெட்டில் 16/20, 31/40 என்று எண்கள் இருந்தால், ஒரு பவுண்டுக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, எத்தனை இறால் என்ற கணக்கு அது. எண் சிறியதானால் இறால் பெரியது. முதல்முறைக்கு 21/25 அல்லது 26/30 வாங்குங்கள். பொடி இறால் ருசிதான், ஆனால் ஒரு நிமிடத்தில் பதம் தாண்டிவிடும். பழகாத கைக்குப் பிடிபடாது. பொருள்கள் பட்டியலையும் ஒருமுறை படியுங்கள். ட்ரைபாஸ்பேட் என்று ஏதாவது எழுதியிருந்தால், தண்ணீரைப் பிடித்துவைக்கும் வேதிப்பொருளில் ஊறிய இறால் அது. வாணலியில் போட்டதும் குளம் கட்டும். இறாலும் உப்பும் மட்டும் இருக்கும் பாக்கெட்டே மேல்.

உருக்குவதற்கு, சமைக்கும் நாளுக்கு முந்தின இரவே ஃப்ரீஸரிலிருந்து எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் போதும். மறந்துவிட்டீர்களா? பையை இறுகக் கட்டி, குளிர்ந்த தண்ணீரில் மூழ்க வையுங்கள். 20 நிமிடம், அரை மணி நேரத்தில் தயார். சுடுதண்ணீர் வேண்டாம், வெளிப்பக்கம் வெந்து உள்ளே கட்டியாக இருக்கும். மேடையில் வெறுமனே போட்டுவைத்துவிட்டு வெளியே போகவும் வேண்டாம்.

இனி உரிப்பது. தலையைத் திருகி எடுங்கள். கால்கள் இருக்கும் பக்கத்தில் கட்டைவிரலை நுழைத்தால் ஓடு வளையம் வளையமாகக் கழன்று வரும். வால் நுனியை விடுவதும் எடுப்பதும் உங்கள் விருப்பம். குழம்பில் போடுவதானால் எடுத்துவிடுங்கள், சாப்பிடுகிறவர்கள் வாழ்த்துவார்கள். முதுகில் மெலிதாகக் கீறினால் கறுப்பாக ஒரு நரம்பு தெரியும். நரம்பு என்று சொல்கிறோமே தவிர அது குடல். நன்றாக வெந்தால் அதனால் ஆபத்து ஒன்றும் இல்லை, பெரிய இறாலில் மணல் நறநறக்கும் என்பதே தொந்தரவு. பொடி இறாலில் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் அரை நாளை அதில் செலவழிக்காதீர்கள். அன்றே சமைக்கப்போவதில்லை என்றால் தலையை மட்டுமாவது உடனே எடுத்துவிடுங்கள். செரிமான நொதிகள் எல்லாம் தலைக்குள் இருக்கின்றன. அவை சதைக்குள் கசிந்தால் மறுநாள் இறால் கொழகொழத்துப் போயிருக்கும்.

உரித்தபின் பலரும் செய்யாத இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, அரை கிலோ உரித்த இறாலுக்கு அரை டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் சமையல் சோடா தூவிப் பிசறி, கால் மணி நேரம் குளிரில் வைப்பது. சோடா காரத்தன்மையை, அதாவது அமிலத்துக்கு எதிரான தன்மையை, கூட்டுவதால் புரதங்கள் ஒன்றையொன்று மூர்க்கமாக இறுக்கிக்கொள்ளாது. நீர் உள்ளேயே நிற்கும். ஒரு நிமிடம் பதம் தவறினாலும் மன்னித்துவிடும் என்பதால் புதிதாகக் கற்பவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்வேன். அளவு மட்டும் கூடக்கூடாது, சோப்பு ருசி வந்துவிடும். இரண்டாவது, வாணலியில் போடும்முன் துணியாலோ காகிதத் துவாலையாலோ ஈரத்தை முழுக்க ஒற்றியெடுப்பது. ஈர இறால் வறுபடாது. தன் தண்ணீரிலேயே அவியும்.

முதல் தடவை எண்ணெய், வாணலி எதுவும் வேண்டாம். 2 லிட்டர் தண்ணீரில் 2 மேசைக்கரண்டி உப்பு, நசுக்கிய பூண்டு, சில மிளகு போட்டுத் தளதளவென்று கொதிக்க விடுங்கள். அரை கிலோ இறாலைப் போடுங்கள், அடுப்பை அணையுங்கள், மூடுங்கள். 3 நிமிடம் கழித்துத் திறந்து ஒன்றை வெட்டிப் பாருங்கள். நடுவில் கண்ணாடி மாதிரி சாம்பல் நிறம் இருந்தால் இன்னும் ஒரு நிமிடம். முழுக்க வெள்ளையாகியிருந்தால் உடனே வடித்து, பனிக்கட்டித் தண்ணீரில் போட்டு நிறுத்துங்கள். கொதிக்கிற தண்ணீரில் வைத்துப் போராடுவதைவிட இது நிதானமான வழி. எலுமிச்சை, மிளகுத்தூள், கொஞ்சம் வெங்காயம் சேர்த்து அப்படியே சாப்பிடலாம். அன்றைக்குத்தான் இறாலுக்கு இயல்பாகவே ஓர் இனிப்பு உண்டு என்பது நாக்குக்குத் தெரியும். கடல்நீரின் உப்புக்கு ஈடுகொடுக்க இறால் தன் சதைக்குள் கிளைசின் போன்ற அமினோ அமிலங்களைச் சேர்த்துவைத்திருக்கிறது, கிளைசின் இனிப்பானது. மசாலாவை அள்ளிப் பூசினால் முதலில் காணாமல் போவது அதுதான்.

அடுத்து வாணலி. அகலமானதாக, கனமானதாக இருக்கட்டும். நன்றாகக் காய்ந்தபின் எண்ணெய் விட்டு, இறாலை ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். எல்லாவற்றையும் ஒரே தடவை கொட்டினால் வாணலியின் சூடு இறங்கி, தண்ணீர் விட்டுவிடும். இரண்டு தடவையாகப் போடுங்கள். ஒன்றரை நிமிடம் தொடவே வேண்டாம். ஓரம் சிவந்ததும் திருப்பி இன்னொரு நிமிடம். நசுக்கிய பூண்டையும் மிளகாய்த் தூளையும் இந்தக் கடைசி நிமிடத்தில் சேருங்கள். முதலிலேயே போட்டால் அவை கருகும், இறால் அதுவரை காத்திருக்க நேரும். கொஞ்சம் வெண்ணெய், எலுமிச்சைச் சாறு, இறக்கிவிடலாம்.

பதம் எப்படித் தெரியும்? உருவத்தைப் பாருங்கள். தூண்டில் முள் மாதிரி வளைந்து நின்றால் சரியான பதம். தலையும் வாலும் தொடும்படி வட்டமாகச் சுருண்டால் தாண்டிவிட்டது. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ஓட்டிலும் தோலிலும் அஸ்டாசாந்தின் என்ற சிவப்பு நிறமி ஒரு புரதத்தோடு பிணைந்து சாம்பல், நீலமாக ஒளிந்திருக்கிறது. சூட்டில் அந்தப் புரதம் குலைந்ததும் சிவப்பு வெளிப்படும். நடுச்சதை வேகும்முன்பே வெளியே சிவந்துவிடலாம் என்பதால் முதல் சில தடவை ஒன்றை வெட்டிப் பார்த்தே தீர வேண்டும்.

குழம்பிலும் இதே நியாயம்தான். வெங்காயம், தக்காளி, தேங்காய்ப்பால், எதுவானாலும் குழம்பு தனியாக முழுசாக வெந்து, உப்பு புளிப்பு எல்லாம் சரியாகி, எண்ணெய் பிரிந்து நிற்கட்டும். இறால் கடைசியில் வரவேண்டிய விருந்தாளி. போட்டு 3 நிமிடத்தில் அடுப்பை அணைத்துவிடுங்கள், பாத்திரத்தின் சூடே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ‘மசாலா இறாலில் இறங்க வேண்டாமா?’ என்றால், 20 நிமிடம் கொதித்தாலும் அது உள்ளே பெரிதாக இறங்கிவிடாது. குழம்பில் இறாலின் ருசி இறங்க வேண்டும் என்பதே உங்கள் ஆசையானால், அதற்கு ஓடு இருக்கிறது. தலையையும் ஓட்டையும் கொஞ்சம் எண்ணெயில் சிவக்க வறுத்து, மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு, 20 நிமிடம் கொதிக்க வைத்து வடிகட்டுங்கள். குழம்புக்குத் தண்ணீருக்குப் பதில் அந்தச் சாற்றை ஊற்றினால், இறால் 3 நிமிடம்தான் கிடந்தது என்று யாரும் நம்பமாட்டார்கள். உரித்த இறாலாக வாங்குவதில் எனக்கு இருக்கும் ஒரே வருத்தம் இந்த ஓடு கைக்கு வராமல் போவது.

இறாலில் கை பழகியபின் மட்டிக்குப் போகலாம். நண்டைவிட மட்டி எளிது, ஆனால் நுணுக்கம் வேறு. மட்டி, மஸல் எனப்படும் நீளச் சிப்பி, ஆய்ஸ்டர் மூன்றும் இரண்டு ஓட்டுக்குள் வாழ்பவை. கடல்நீரை உள்ளிழுத்து வடிகட்டி, அதிலிருக்கும் உணவைத் தின்பவை. வடிகட்டும் தண்ணீரில் கிருமி இருந்தால் அதுவும் உள்ளே சேரும். ஆகவே இவற்றை உயிரோடு வாங்க வேண்டும், நம்பகமான இடத்தில் வாங்க வேண்டும். கரையில் கிடைக்கிறதே என்று நீங்களே பொறுக்கிவருவது அந்தக் கடற்பகுதியின் சோதனை நிலவரம் தெரிந்தால் மட்டுமே. சில நுண்பாசிகள் பெருகும் காலத்தில் அவற்றின் நஞ்சு சிப்பியில் சேர்ந்துவிடும். சாக்சிடாக்சின் என்ற நரம்பு நஞ்சு அப்படி வருவது. எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது. சிப்பியின் நிறம், வாடை, ருசி எதிலும் அது காட்டிக்கொடுக்காது.

வீட்டுக்கு வந்ததும் அகலமான பாத்திரத்தில் போட்டு, ஈரத்துணி மூடி, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அவை மூச்சுவிட வேண்டும். காற்றுப்புகாத பையில் கட்டிவைத்தாலோ நல்ல தண்ணீரில் மூழ்க வைத்தாலோ செத்துவிடும். சமைக்கும்முன் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பாருங்கள். ஓடு உடைந்தவை வேண்டாம். வாய் திறந்திருந்தால் மேடையில் லேசாகத் தட்டுங்கள்: உயிருள்ளது மெல்ல மூடிக்கொள்ளும், மூடாததை எறியுங்கள். அளவுக்கு மீறிக் கனக்கும் ஒன்று கையில் சிக்கினால் உள்ளே மட்டிக்குப் பதில் சேறுதான் இருக்கும். அந்த ஒன்று திறந்தால் மொத்தப் பானையும் போயிற்று.

மணலை அவற்றையே துப்ப வையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 முதல் 35 கிராம் உப்பு, அதாவது கடல்நீர் அளவு உப்பு, கரைத்து மட்டியைப் போட்டு, வெளிச்சமும் வெப்பமும் இல்லாத இடத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் வையுங்கள். எடுக்கும்போது கையால் அள்ளி எடுக்க வேண்டும். வடிகூடையில் அப்படியே கவிழ்த்தால் அடியில் கிடக்கும் மணல் முழுக்கத் திரும்ப மட்டியின் மேலேயே விழும். நீளச் சிப்பிக்கு இது அவ்வளவாகத் தேவைப்படாது. அதற்குப் பதிலாக ஓட்டின் ஓரத்தில் நார் போல ஒரு தாடி தொங்கும். சமைப்பதற்குச் சற்று முன்பு அதைப் பிடித்து ஓட்டின் கீல் பக்கமாக இழுத்தெடுங்கள்.

சமையல் என்று பார்த்தால் இதைவிடச் சுலபம் எதுவும் இல்லை. அகலப் பாத்திரத்தில் எண்ணெயோ வெண்ணெயோ விட்டு, பூண்டு, வெங்காயம், பச்சைமிளகாய் வதக்கி, அரை டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொதித்ததும் மட்டியைக் கொட்டி மூடுங்கள். தீ முழுதாக எரியட்டும். நடுவில் ஒருமுறை பாத்திரத்தைக் குலுக்கிவிடுங்கள். 3, 4 நிமிடத்தில் வாய் திறக்கும். பெரிய சமையலறைகளில் திறந்த கையோடு எடுத்துவிடுவார்கள். வீட்டில், அதுவும் முதல் தடவை, திறந்தபின்னும் 4 நிமிடம் ஆவியில் விடுங்கள் என்பேன். இறாலுக்கு அவ்வளவு கறாராகப் பேசிவிட்டு இங்கே தளர்த்துவது முரணாகத் தெரியலாம். காரணம் உண்டு: வடிகட்டி உண்ணும் இந்த இனத்தில் மஞ்சள்காமாலையை உண்டாக்கும் ஹெப்படைடிஸ் ஏ வைரஸ் சேரக்கூடும், அதை அழிக்க உள்சதை 90 டிகிரியில் ஒன்றரை நிமிடம் இருக்கவேண்டும். 1988இல் ஷாங்காயில் அரைகுறையாக வெந்த மட்டிவகை ஒன்றால் ஏறக்குறைய 3 லட்சம் பேருக்கு இந்த மஞ்சள்காமாலை பரவியது. சதை சற்று இறுகினால் இறுகட்டும்.

மட்டி திறக்கும்போது உப்பான சாறு ஒன்று வடியும். ருசி முழுக்க அதில்தான். ஆகவே முதலில் உப்பே போடாதீர்கள். சாறு இறங்கியபின் ருசி பார்த்து, வேண்டுமானால் கடைசியில் போடலாம். மெல்லிய துணியில் வடிகட்டிவிட்டால் எஞ்சிய மணலும் நின்றுவிடும்.

திறக்காத மட்டியை எறியச் சொல்வார்கள், எறிந்துவிடுங்கள். ஆனால் ‘வாய் திறந்தால் நல்லது, திறக்காவிட்டால் கெட்டது’ என்று புரிந்துகொள்ளாதீர்கள். மூடியிழுக்கும் தசை சூட்டில் பிடிவிட்டால் ஓடு திறக்கும். ஏற்கெனவே செத்துப்போனதும் திறந்துதான் கிடக்கும். உயிர்ச் சோதனை அடுப்பில் ஏற்றும்முன் தட்டிப் பார்ப்பதோடு முடிந்துவிட்டது.

ஆய்ஸ்டரைப் பச்சையாக உண்பது பற்றி ஆர்வம் இருக்கலாம். வீட்டுச் சமையலின் தொடக்கம் அதற்கான இடம் இல்லை. வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ பாக்டீரியாக்கள் அதில் இருக்கக்கூடும். கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு அவை உயிருக்கே உலை வைக்கும். எலுமிச்சை பிழிந்தாலும் காரச் சட்னி ஊற்றினாலும் அவை சாகாது. புளிப்பு பட்டுச் சதை வெளுப்பதைப் பார்த்து வெந்துவிட்டது என்று நினைக்கிறோம். நிறம்தான் மாறுகிறது, கிருமி அப்படியே இருக்கும்.

எலுமிச்சை என்றதும் ஞாபகம் வருகிறது: இறாலோடு வைட்டமின் சி சேர்ந்தால் ஆர்சனிக் விஷமாகி ஆளைக் கொல்லும் என்று ஒரு செய்தி கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. புரளி. கடலுணவில் இருக்கும் ஆர்சனிக் பெரும்பாலும் ஆர்சனோபீட்டைன் என்ற, உடலில் தங்காமல் சிறுநீரில் வெளியேறும் வடிவம். தாராளமாக எலுமிச்சை பிழியலாம்.

நண்டுக்கு வருவோம். கையில் எடுத்தால் அளவைவிடக் கனமாகத் தோன்ற வேண்டும். லேசாக இருந்தால், அண்மையில் ஓடு மாற்றிக்கொண்ட நண்டு. உள்ளே பாதி தண்ணீர்தான். வயிற்றுப் பக்கம் இருக்கும் மடல் குறுகலாக இருந்தால் ஆண், அகலமாக இருந்தால் பெண். கொடுக்குச் சதை வேண்டுமென்றால் ஆண் நண்டைத் தேடுங்கள்.

செத்துப்போய் நேரமான நண்டை வாங்காதீர்கள். அதன் செரிமானச் சுரப்பி செத்தவுடனேயே சதையைக் கரைக்கத் தொடங்கிவிடும். வேகவைத்தால் உறுதியே இல்லாமல் பிசுபிசுக்கும். உயிர்நண்டைக் கையாளப் பயம் என்றால், விற்பவரிடமே உடைத்துச் சுத்தம் செய்து தரச் சொல்லி, பனிக்கட்டியோடு எடுத்துவந்து அன்றே சமைத்துவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நீங்களே செய்வதானால், கொடுக்கில் கட்டியிருக்கும் ரப்பரைக் கழற்றாமல், அரை மணி நேரம் ஃப்ரீஸரில் வையுங்கள். அசைவே இல்லாமல் மரத்துப்போன பிறகு, மல்லாத்தி, வயிற்று மடலைத் தூக்கி, அதன் நுனி படிந்திருந்த இடத்தில் கூரான கத்தியை இறக்குங்கள். உயிரோடு கொதிநீரில் போடுவதைவிட இது நல்லது, அதற்கும் உங்களுக்கும். சுவிட்சர்லாந்தில் 2018 முதல் சிங்கி இறாலை (லாப்ஸ்டர்) மயக்காமல் கொதிநீரில் போடுவது சட்டப்படி குற்றம். கொதிநீரில் துடிக்கும் நண்டு தன் கால்களைத் தானே கழற்றிப் போடுவதும் உண்டு.

மடலை இழுத்தெடுத்து, மேலோட்டைப் பின்பக்கமிருந்து தூக்கினால் கழன்று வரும். இரு பக்கமும் சாம்பல் நிறத்தில் இறகு மாதிரி இருப்பவை செவுள்கள். கையால் பிய்த்து எறியுங்கள். விஷம் இல்லை, உண்ணத் தகுந்ததும் இல்லை. கண்ணுக்கும் வாய்க்கும் பின்னால் இருக்கும் இரைப்பையையும் எடுத்துவிடுங்கள். மஞ்சளும் பழுப்புமாக இருப்பது செரிமானச் சுரப்பி. விரும்பி உண்பவர்கள் இருக்கிறார்கள். தண்ணீரில் இருக்கும் மாசு சேரும் இடமும் அதுவே என்பதால், நண்டு எங்கே பிடித்தது என்று தெரியாவிட்டால் கழுவிவிடுவது என் வழக்கம். உடலை இரண்டாக வெட்டி, கொடுக்குகளைக் குழவியாலோ கத்தியின் பின்பக்கத்தாலோ ஓர் அடி மட்டும் அடியுங்கள். விரிசல் விட்டால் போதும், நொறுங்க வேண்டாம். ஓட்டுத்துண்டு குழம்பில் கலந்தால் அப்புறம் பல்லுக்குத்தான் கேடு.

எளிமையான முறை முழுசாக ஆவியில் வேகவைப்பது. அரை கிலோ எடையுள்ள நண்டுக்கு 15 நிமிடம், ஒரு கிலோ என்றால் 20. மல்லாத்தி வையுங்கள், சாறு மேலோட்டுக்குள்ளேயே தங்கும். சுத்தம் செய்து வெட்டிய துண்டுகளானால் கொதிக்கும் குழம்பில் 8 முதல் 10 நிமிடம். ஓடு சூட்டைத் தாமதப்படுத்துவதாலும் உள்ளே அறைஅறையாகச் சதை இருப்பதாலும் இறாலின் 3 நிமிடக் கணக்கு இங்கே செல்லாது. அதே சமயம், கொஞ்சம் கூடிப்போனாலும் நண்டு இறால் அளவுக்குக் கோபித்துக்கொள்ளாது. சிங்கி இறாலை நான் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. விலையும் அதிகம், பதம் தவறினால் மனவருத்தமும் அதிகம்.

கணவாய்க்கு வெளியே ஓடு கிடையாது என்றாலும் மட்டியின் உறவுக்காரன்தான். தலையைப் பிடித்து இழுத்தால் குடலும் மைப்பையும் சேர்ந்து வரும். உள்ளே கண்ணாடித் தகடு மாதிரி ஒன்று இருக்கும், அதையும் உருவிவிடுங்கள். வளையமாக நறுக்கி, நல்ல தீயில் 2 நிமிடம். அதைத் தவறவிட்டால் பதறாதீர்கள்: குழம்பில் போட்டு மூடி, சிறு தீயில் 40 நிமிடத்துக்கு மேல் விட்டால் இறுகியது மறுபடி இளகிவிடும். நடுவில் 10 நிமிடத்தில் எடுத்தால் மட்டும் மெல்லவே முடியாது.

வேறொருவருக்குப் பரிமாறுவதானால், முன்கூட்டியே ஒவ்வாமை உண்டா என்று கேட்டுவிடுங்கள். இறால், நண்டு ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் ட்ரோபோமையோசின் என்ற தசைப் புரதம். அது சூட்டைத் தாங்கும், எவ்வளவு வேகவைத்தாலும் குறையாது. சிறுவயதில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் சாப்பிட்டவருக்கு முப்பது வயதில் திடீரென்று வரலாம். சிலருக்கு வேகும் ஆவியே போதும். ஒருவர் வேண்டாம் என்றால் ‘ஒரு துண்டு மட்டும்’ என்று வற்புறுத்தக் கூடாது. அதே எண்ணெயில் அவருக்கு வேறு எதையும் பொரிக்கவும் கூடாது. சாப்பிட்டதும் உதடு, தொண்டை வீங்குவது, மூச்சுத் திணறுவது போன்றவை தெரிந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

மிச்சமானதை 2 மணி நேரத்துக்குள் குளிரில் வைத்துவிடுங்கள், வெயில் கொளுத்தும் நாளில் ஒரு மணி நேரத்துக்குள். மூன்று நாளைக்குள் தீர்த்துவிடுவது நல்லது. இறால் குழம்பைச் சூடு பண்ணும்போது இறாலைத் தனியே எடுத்துவைத்து, குழம்பை மட்டும் கொதிக்க வைத்து, பிறகு இறாலைச் சேர்த்து உள்ளே சூடேறும்வரை மட்டும் விடுங்கள். வறுத்த இறால் மிஞ்சினால் குளிர்ந்தபடியே காய்கறியோடு கலந்து சாப்பிடுவது உத்தமம். ஓட்டுச் சாறு கூடுதலாக இருந்தால் பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறைய வையுங்கள், இரண்டு மாதம் வரை ஒவ்வொரு கட்டியாக எடுத்துக் குழம்பில் போடலாம். சாறு எடுத்தபின் மிஞ்சும் ஓடுகளை மட்டும் சமையலறைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுத் தூங்கப்போகாதீர்கள். பையில் இறுகக் கட்டி ஃப்ரீஸரின் ஒரு மூலையில் வைத்து, குப்பை எடுக்க வரும் நாள் காலையில் வெளியே வையுங்கள்.